நாங்கள் பிசிறு வெட்டிய கடல்கள்

பஹாமாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. செங்கடல் அதைவிட மோசம். விளிம்பு தடிமனாக இருக்கும், கத்தரி லேசில் இறங்காது. மாலத்தீவுதான் சுலபம். அதனால் காலையில் மாலத்தீவு யாருக்கு என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும். நான் ஏதோ உலகம் சுற்றிவிட்டு வந்து அளக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவும் கும்மிடிப்பூண்டியில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டுக்குள் நடந்தது.

கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கிறவர்கள் முகத்தில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். கண், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, சுற்றிலும் கறுப்பு ரப்பர். மாஸ்க் என்று பெயர். அந்த ரப்பரைத்தான் எங்கள் ஷெட்டில் அச்சில் வைத்து வார்த்தார்கள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு இடத்தின் பெயரை வைத்திருந்தார். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு குதிக்கிற ஸ்கூபாக்காரர்கள் உலகத்தில் எங்கெங்கே போவார்களோ அந்த இடங்களின் பெயர்கள். அச்சிலிருந்து வெளியே வரும் ரப்பரின் ஓரத்தில் தோசை ஓரம் மாதிரி மெல்லிசாகப் பிசிறு நிற்கும். வளைந்த கத்தரியால் அந்தப் பிசிறை வெட்டுவது பெண்களாகிய எங்கள் வேலை, அதற்குப் பிறகுதான் கண்ணாடி பொருத்துவார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எங்கள் பக்கத்து மேட்டு நிலங்களில் கல் நட்டு, சாலை போட்டு, கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நானும் நட்டேன். நடவில் முதுகு ஒடிவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற மேஸ்திரி "ஏய்" என்று கூப்பிடுவதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எனக்கும் ஏய், என் அம்மாவுக்கும் ஏய். ஷெட்டில் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "இன்னாமா, கத்தரி புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். இன்னாமா! அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த இடத்தை விட்டு நான் போகப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆர்டர்காரர் ஒரு காலண்டரும் அனுப்பியிருந்தார். மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு கடல். அதைச் சுவரில் மாட்டிய நாள் யாரும் சரியாக வேலை செய்யவில்லை. செங்கடலில் சுவர் மாதிரி செங்குத்தாகப் பவளம் நின்றது, அதன் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் பொடி மீன்கள் கூட்டம் கூட்டமாக. ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு சிப்பி வாயைத் திறந்துகொண்டிருந்தது. பசிபிக் தீவு ஒன்றில் சண்டையில் மூழ்கிய கப்பல், அதன் பீரங்கி மேல் பூப்பூவாகப் பவளம். இப்படியும் ஒரு உலகம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாம் வெட்டுகிற இந்தக் கறுப்பு ரப்பரை மாட்டிக்கொண்டுதான் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று நினைக்க நினைக்கத் தலை கால் புரியவில்லை.

எங்கள் மேசையில் பழவேற்காட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அவளுக்கு மட்டும் இந்தப் படங்களைப் பார்த்து எந்த மயக்கமும் இல்லை. மாலத்தீவுத் தாளில் பெரிய திருக்கை ஒன்று சிறகு விரித்துப் போகும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது அவள், "இத்த எங்கூர்ல கொயம்பு வெப்பாங்க" என்றாள். அதோடு விடவில்லை. "இவ்ளோ கிட்ட போய்ட்டு ஒத்த மீனு புடிக்காம வரானுங்களே, இன்னா ஜென்மமோ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

படங்களுக்குக் கீழே இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னவர் சூப்பர்வைசர். மணவாள நகர்க்காரர், வாரம் முழுக்க இங்கே அறை எடுத்துத் தங்கி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவார். நல்ல மனுஷன். மெக்சிகோ என்று ஒரு தாள் வந்தது. படத்தில் கடலே இல்லை. வட்டமாக ஒரு பள்ளம், மரத்து வேர்கள் மேலிருந்து தொங்குகின்றன, நீலத் தண்ணீருக்குள் ஒரு ஆள் அந்தரத்தில் மிதக்கிறான். சூப்பர்வைசர் படித்துவிட்டு, இது கிணறுதான், இயற்கையாக உண்டான கிணறு, தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்குமாம் என்றார். கிணற்றில் குதிக்க மெக்சிகோ வரைக்கும் போகிறார்களா என்று ஷெட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குப் பின்னால், பம்ப்செட் கொட்டகை ஓரத்தில் இருந்த கிணறு எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது எண்ணெய்க் கதையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சூடு ஆறாத ரப்பர் கத்தரியில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. பேஜாராகிவிட்டது. ஒரு மாஸ்க் முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இதைப் பார்த்துக்கொண்டே நின்ற சூப்பர்வைசர், "ஏம்மா, ஊட்ல பலாப்பழம் அறுக்கறப்ப இன்னா பண்ணுவீங்க? கத்திலயும் கைலயும் எண்ணெய தடவிக்கினு தானே அறுப்பீங்க?" என்றார். அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். மறுநாள் மேசைக்கு மேசை ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். கத்தரி வெண்ணெயில் போவது மாதிரி போனது. வெட்டி முடித்ததும் எண்ணெய்த் துணியால் விளிம்பை ஒரு துடைப்பு துடைத்தால், குளிப்பாட்டிய குழந்தை மாதிரி அப்படி ஒரு மினுமினுப்பு. முதலாளி வந்து பார்த்து அசந்துபோனார். அப்புறம் எண்ணெய் கம்பெனிக் கணக்கிலேயே டின்னில் வந்து இறங்கியது.

பழவேற்காட்டுக்காரி மட்டும் எண்ணெயைத் தொடவில்லை. கை வழுக்குகிறதாம். பிறந்ததிலிருந்து மீனும் இறாலும் தண்ணீரில் வைத்து ஆய்ந்த கை அது. தகர டப்பா ஒன்றில் தண்ணீர் வைத்துக்கொண்டு கத்தரியை நனைத்து நனைத்து வெட்டினாள். நாங்கள் இரண்டு முடித்தால் அவள் ஒன்று முடிப்பாள். அவள் மாஸ்க்கில் மினுமினுப்பும் இருக்காது. இப்படியே போனால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று சூப்பர்வைசர் அவளிடம் சொல்லியும்விட்டார். நாங்களும் அவளைக் கிண்டல் பண்ணினோம்.

முதல் லோடு கப்பல் ஏறியது. இரண்டாவது லோடு கப்பலுக்காகக் குடோனில் காத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதை நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு நாள் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். வழக்கமாக நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்பவர், அன்றைக்கு உட்காரவே இல்லை. போன மாஸ்க்குகளில் தண்ணீர் உள்ளே வருகிறதாம். செங்கடலில் இறங்கியவனுக்கு மூக்கில் தண்ணீர், பஹாமாவில் இறங்கியவனுக்கும் மூக்கில் தண்ணீர். ஆர்டர்காரரே வருகிற திங்கட்கிழமை மெட்ராஸுக்கு வந்து, அங்கிருந்து நேரே இங்கே வருகிறார். காரணம் சொல்ல முடியாவிட்டால் அச்சுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அச்சு அவருடையது. அச்சு போனால் எங்களுக்கு மிச்சம் தகரக் கூரைதான்.

கெட்ட சேதிக்குக் காலே வேண்டாம், எங்கள் தெருவுக்கு அது எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனால் வாசலில் மேஸ்திரி. நாற்று தயாராக இருக்கிறது, கம்பெனி மூடப்போகிறது, உன் பெண்ணுக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "ஏய், செவ்வாக்கெயம வந்துரு" என்றான். நான் நேரே உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஷெட்டில் சோதனை நடந்தது. மாஸ்க்கை மல்லாக்க வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றி, கண்ணாடி பொருத்திய இடத்தில் ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. டிரம்மில் அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நாள் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு கடிக்கிறதா என்று எப்படிச் சார் சொல்வீர்கள், முகத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினால்தானே தெரியும் என்று கேட்டுவிட்டேன். யார் இறங்குவது என்றார் சூப்பர்வைசர். அவருக்கு நீச்சல் தெரியாது, குளிப்பதே சொம்பில்தான். அச்சு ஓட்டுகிற ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சார், அந்த மெக்சிகோகாரன் கெணத்துலதான எறங்குறான். நம்ப பின்னாலயே கெணறு கீது. நான் எறங்குறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

சின்ன வயதில் நைனா என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டவர். குடுக்கையை அவிழ்த்த பிறகு நான் மீன்தான். வயதுக்கு வந்ததும் அத்தோடு சரி. என் கூடப் பிறந்தவன்கள் குதித்துக் கும்மாளம் போடுவான்கள், நான் மேலே உட்கார்ந்து அவன்கள் துணியைத் துவைக்க வேண்டும். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை.

அம்மாவிடம் சொன்னதும் ஆடித் தீர்த்துவிட்டாள். கல்யாணம் ஆகாத பெண் ஆம்பிளைகள் பார்க்கக் கிணற்றில் குதித்தால் எவன் கட்டுவான் என்று கேட்டாள். நாற்று நடப் போனால் மட்டும் ராஜகுமாரன் வரப்பில் வந்து நிற்கிறானா என்று நானும் கேட்டேன். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, அம்மாவும் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வந்தவள் சும்மா நிற்கவில்லை. கிணற்றடியில் நின்ற ஆம்பிளைகள் எல்லாரையும் வயல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். சூப்பர்வைசரையும் விடவில்லை. ஊருக்குக்கூடப் போகாமல் எங்களுக்காகத் தங்கிய அந்த மனுஷன், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகளைக் கட்டி நின்றார். பழவேற்காட்டுக்காரி ஒரு கூடையில் மாஸ்க்குகளோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் வெட்டிய புதுசு நாலைந்து, குடோனிலிருந்து எடுத்த பழசு ஒரு குவியல்.

பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு, புது மாஸ்க் ஒன்றை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த கிணறு அதுதான். இப்போது கல்லுக்குக் கல் இடுக்கு தெரிந்தது. இடுக்கில் தொங்கிய பாசி இழை இழையாகத் தெரிந்தது. கெண்டைக் குஞ்சுகள் என் மூக்குக்கு நேராக வந்து நின்று, இது யார் புதுசாக என்று பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் திரும்பின. கீழே ஒரு கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு போனது. பம்ப்செட்டின் இரும்புக் குழாய் நெடுக முத்து முத்தாகக் காற்றுக்குமிழி. வெயில் ஒரு பக்கமாகச் சரிந்து அடிவரைக்கும் இறங்கியிருந்தது. யாரோ எப்போதோ தவறவிட்ட சொம்பு ஒன்று சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. ஒரு பொந்திலிருந்து ஆமை கழுத்தை நீட்டி என்னையே பார்த்தது. நானும் அதையே பார்த்தேன். அண்ணாந்து பார்த்தால் மேலே வெள்ளித் தட்டு மாதிரி தண்ணீரின் மூடி, அதில் அம்மாவின் முகம் கலைந்து கலைந்து சேர்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. தண்ணீருக்குள்ளேயே கத்தினேன். மூச்சு முழுக்கக் குமிழியாகப் போய்விட்டது.

மேலே வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று கேட்டார்கள். எதற்காக இறங்கினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஆம கீது" என்றேன்.

சூப்பர்வைசர் வயலைப் பார்த்துக்கொண்டே, "ஆமை இருக்கட்டும்மா, தண்ணி வருதா இல்லையா?" என்றார். வரவில்லை. முகம் உலர்ந்தே இருந்தது. புதுசு எதிலும் வரவில்லை. பழசை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கன்னத்துப் பக்கம் சில்லென்று நுழைந்தது, மூக்கு வரைக்கும் ஏறியது, புரையேறி இருமிக்கொண்டே மேலே வந்தேன். அடுத்த பழசு, அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். இனி முடியாது என்று படியைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது பழவேற்காட்டுக்காரி இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் பழசுதான். ஆனால் அதில் ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் கழற்றிக் கொடுத்ததை எல்லாம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, பழைய எண்ணெய் பலகாரம் மாதிரி காரல் வாட அடிக்குது?" என்றாள். தண்ணீர் புகுந்த மாஸ்க் எல்லாவற்றிலும் அந்த வாடை. புகாத பழசில் மட்டும் வாடையே இல்லை. இனிமேல் திரும்பலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு சூப்பர்வைசர் படியிறங்கி வந்தார். கெட்டுப்போன மாஸ்க்கின் விளிம்பை விரலால் அழுத்தினார். பாலில் ஊறிய வடை மாதிரி உப்பிப் பொதபொதவென்று இருந்தது. வாடை இல்லாததை அழுத்தினார். அது விறைப்பாக நின்றது. எண்ணெயைத் தொடாமல் வெட்டியவள் எங்களில் ஒருத்திதான். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் பம்ப்செட் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "எண்ணெய குடுத்தவன் நான்தாம்மா" என்றார். அப்புறம் பழவேற்காட்டுக்காரியிடம், "உன்னப் போயி வேலய வுட்டு நிக்கச் சொன்னனே" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு எனக்கும் வந்தது. ஈரச் சட்டையோடு அவளை நனைத்துவிட்டேன் என்று அம்மா திட்டினாள்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் வேலை தப்பவில்லை. எண்ணெய் இல்லாமல் இன்றைக்கு வெட்டியதைக் காட்டினால் ஆர்டர்காரர் நம்ப மாட்டார். புதுசு எதுவும்தான் ஒழுகவில்லையே. நாளான பிறகும் கெடாதது வேண்டும், அது பழவேற்காட்டுக்காரி வெட்டியது மட்டும்தான். ஆனால் அவளுடையதும் எங்களுடையதும் ஒன்றாகக் கலந்து குடோன் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தது. அப்போதைக்கு எங்களிடம் இருந்த ஒரே கருவி மூக்குதான். சொல்லி அனுப்பியதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவளும் உண்டு. பெட்டியைப் பிரி, மாஸ்க்கை எடு, மோந்து பார், வாடை அடித்தால் இந்தப் பக்கம், அடிக்காவிட்டால் அந்தப் பக்கம். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பெட்டிக்குள் தூவியிருந்த வெள்ளைப் பவுடரில் ஆளாளுக்குத் தும்மல். ஒருத்தி ஐயப்பட்டால் இன்னொருத்தி மோப்பம் பிடிப்பாள், அவளுக்கும் தெரியாவிட்டால் என் அம்மாவிடம் போகும், அம்மா மூக்குதான் கடைசித் தீர்ப்பு. முதலாளி கார் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவரும் எங்கள் நடுவில் உட்கார்ந்து மோந்தார். அன்றைக்கு அந்த குடோனில் திருவிழாவாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஒரு கூடை நிறைய வாடையில்லாத பழசு சேர்ந்தது.

திங்கட்கிழமை ஆர்டர்காரர் வந்தார். நெடிய உடம்பு, வெயிலில் பழுத்த முகம், பேச்சு ரொம்பக் கம்மி. முதலாளி இங்கிலீஷில் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டார். எண்ணெய் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். எதற்காக எண்ணெய் என்று கேட்டார் போலிருக்கிறது, முதலாளி பலாப்பழத்துக்கு வந்தார். சூப்பர்வைசர் இரண்டு கையாலும் காற்றில் பலாப்பழம் வரைந்து, கத்தியால் அறுத்தும் காட்டினார். ஆர்டர்காரர் சிரிக்கவில்லை. காரல் வாடை மாஸ்க்கை மோந்தார், விளிம்பை இழுத்தார். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து மோந்தார், அதையும் இழுத்தார். பிறகு ஏதோ கேட்டார். தண்ணீர் எங்கே என்று கேட்டாராம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிணற்றடியில் அவர் சட்டையைக் கழற்றியதும் என் அம்மா வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தின நாள் ஆம்பிளைகளை நிற்கவைத்த அதே இடத்தில். நானும் இறங்குகிறேன் என்றேன், அந்தக் கூடை மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு. அம்மா திரும்பாமலேயே, "படிய விட்டு ரொம்ப தூரம் போவாத" என்றாள்.

அவரும் கூடையிலிருந்து ஒன்றை மாட்டிக்கொண்டு தலைகீழாகச் சத்தமில்லாமல் இறங்கினார். செங்கடலையும் பசிபிக்கையும் பார்த்த மனுஷன் இந்தக் கிணற்றில் என்னத்தைப் பார்ப்பார் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு இடுக்காக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். நான் ஆமைப் பொந்தைக் காட்டினேன். அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு மூச்சு முட்டி மேலே வந்துவிட்டேன். அவர் வரவில்லை. முதலாளி கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பழவேற்காட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

கடைசியில் தலை தெரிந்தது. படியில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றிக் கல்லின் மேல் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதையும் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. அப்புறம் காரல் வாடை மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கி, உடனே மேலே வந்து கவிழ்த்தார். ஒரு கை தண்ணீர் கொட்டியது. மூன்றையும் கல்லில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார். முதலாளி எங்களைப் பார்த்துச் சொல்வதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

"அச்சு இங்கயே இருக்கும்" என்றார்.

கெட்டுப்போனதற்கு எல்லாம் புதுசு செய்து கொடுக்க வேண்டும், ஷெட்டுக்குள் எண்ணெய் வாசனையே வரக்கூடாது, எல்லாரும் பழவேற்காட்டுக்காரி வெட்டுகிற மாதிரி தண்ணீர் தொட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அதை எவள் காதில் வாங்கினாள்? நாங்கள் போட்ட கூச்சலில் கெண்டைக் குஞ்செல்லாம் அடிக்குப் போயிருக்கும்.

இளநீர் வெட்டிக் கொடுத்தோம். படிக்கட்டில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார், முதலாளி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். செங்கடலில் கீழே போகப் போகப் பவளச் சுவர் முடியவே முடியாதாம். பசிபிக்கில் மூழ்கிய கப்பலுக்குள் இப்போதும் தட்டும் கோப்பையும் அடுக்கினபடி இருக்கிறதாம். ஆஸ்திரேலியப் பவளத் திட்டைப் பார்த்து முடிக்க ஒரு ஆயுள் போதாதாம். காலண்டர் எங்களுக்குக் காட்டாததை எல்லாம் அவர் சொன்னார், நான் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கிணறு எப்படி என்று கேட்கச் சொன்னேன். உலகத்தில் அவர் இறங்கிய இடங்களில் படிக்கட்டு வைத்திருந்தது இது ஒன்றுதான் என்று சொல்லி, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பழவேற்காட்டுக்காரியும் தன் கேள்வியை விடவில்லை, ஏன் ஒரு மீனும் பிடிக்காமல் வருகிறீர்கள் என்று கேட்கவைத்தாள். பார்ப்பதற்காகத்தான் போகிறோம் என்றார். "பொயப்பு இல்லாத ஜனம்" என்று என் காதில் சொன்னாள்.

கார் கிளம்பிப் போன பிறகு நாங்கள் மாஸ்க்குகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா கிணற்றைப் பார்த்தபடியே நின்றாள். "அத்த குடு பாப்போம்" என்று கையை நீட்டினாள். எனக்கு நம்ப முடியவில்லை. கடைசிப் படியில் அவளை உட்காரவைத்து மாட்டிவிட்டேன். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். காலம் பூராவும் சேற்றைப் பார்த்துக் குனிந்த முதுகு அது. மூச்சு வாங்க நிமிர்வாள், மறுபடியும் வைப்பாள். நிமிர்வாள், மறுபடியும் வைப்பாள். நான் பக்கத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாஸ்க்கைக் கழற்றிய பிறகு முகத்தைத் துடைக்கவில்லை. "ஆம கீது" என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் மேஸ்திரி வந்துவிட்டான். ஷெட்டில் நடந்தது அவனுக்குத் தெரியாது. தெருவில் நின்றபடியே, "ஏய், உம் பொண்ண கெளப்பு, நடவுக்கு நேரமாச்சு" என்றான். நான் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலுக்கு வந்தேன். எனக்கு முன்னால் அம்மா வந்து நின்றாள்.

"எம் பொண்ணு வராது. அதுக்கு பஹாமால வேல கீது."

அவன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டான். எந்தப் பக்கம் என்று அம்மாவுக்கும் தெரியாது. ஆனாலும் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நம்ப கெணறு மாதிரிதான். இன்னா, கொஞ்சம் பெருசு" என்றாள்.